பின்னுக்கு நடந்தவளும் பிளேனரும்

ஏழாம் நம்பர் மலையின் கிழட்டு ரப்பர் மரங்களை அழித்துப் புதுக்கன்று நடப்போகிறார்கள் என்று காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் சொன்னபோது, மற்றப் பெண்கள் எல்லோரும், "அப்ப எங்களுக்கு எந்த மலை?" என்று கேட்டார்கள். ஜெயம்மா மட்டும், "மரத்தையெல்லாம் யாரு எடுக்குறா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? தலையில தூக்கிட்டுப் போகப் போறியா?" என்றார் கங்காணி. களமே சிரித்தது.

அது தொண்ணூற்றேழாம் வருடம். கரவனெல்லைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் ஜெயம்மா பதினைந்து வயதிலிருந்து பால் வெட்டுகிறவள். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் இழையாகச் சீவி எடுப்பதில் அவளுக்குப் பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயர் மரம் இருக்கும்வரைதான். புதுக்கன்று பால் கொடுக்கிற மரமாக ஆறேழு வருடம் ஆகும். அதுவரைக்கும் புல் வெட்டலாம், மழைத்தண்ணீர் ஓடக் கான் தோண்டலாம். அதுவும் கூப்பிட்ட நாளைக்குத்தான். புல் வெட்ட யாராலும் முடியும். யாராலும் முடிகிற வேலைக்கு யாரையும் கூப்பிடுவார்கள். தன் கைக்கென்று ஒரு தொழில் இல்லாமல் போகப்போகிறதே என்பதுதான் அவளுடைய பயம்.

மரத்தை எடுத்தவர் மாவனல்லை மஷூர் முதலாளி. பல வருடமாகத் தோட்டங்களில் விழுகிற ரப்பர் மரங்களை வாங்கி, பேக்கரிகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் விறகாக அனுப்பியவர். ரப்பர் மரம் அதற்குத்தான் ஆகும் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. வெட்டிப் போட்டால் ஒரு வாரத்துக்குள் நீலம் பாய்ந்துவிடும்; பிறகு வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். ஆனால் வெட்டிய கையோடு பலகையாக அறுத்து, பெரிய இரும்புத் தொட்டிக்குள் அடைத்து, அழுத்தம் கொடுத்து போரிக் உப்புத் தண்ணீரை ஏற்றினால் வண்டு கிட்டே வராது என்பதை மஷூர் எங்கேயோ பார்த்துவிட்டு வந்தார். வெள்ளை வெளேரென்று நாற்காலி செய்யலாம், கட்டில் செய்யலாம். விறகு வியாபாரத்தை விட்டுவிட்டு, கரவனெல்லை ரோட்டோரமாகத் தகரக் கொட்டகை போட்டு, மரம் அறுத்து விற்கிற ஒரு மரக்காலை மூடிப்போக, அங்கிருந்து பழைய மெஷின்களை வாங்கி இறக்கினார்.

முதல் மாதமே அறுக்கிற வாள் அடிக்கடி உடைந்தது. பால் வடிய மரத்தில் அடித்திருந்த சிறு தகரங்களும் கோப்பை மாட்டிய கம்பிகளும் பட்டைக்குள் புதைந்து கிடந்தன. வாள் அதில் மோதினால் தெறிக்கும். ஜெயம்மா லொறிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"முதலாளி, தகரமெல்லாம் அடிச்சதே நாங்கதான். எடுக்கவும் நாங்களே வாறோமே."

மஷூர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "அடிச்ச ஆளையே கூப்பிட்டுக் கழட்டச் சொல்லோணும் எண்டு எனக்குத் தோணாமப் பெய்த்தே. நாளைக்கு வாங்க."

அப்படித்தான் ஜெயம்மா மில்லுக்குள் போனாள். மலை வேலை இல்லாத நாட்களில் போக ஆரம்பித்து, பிறகு எல்லா நாளும் போனாள். கணவர் ஐயாவு தோட்டத்துப் புகைக்கூண்டு அறைக்குள் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கிறவர். அவர் பேர் தோட்டத்தில் இருந்ததால் குடியிருந்த லயத்துக் காம்பிராவுக்கு ஆபத்தில்லை. தகரம் எடுத்து முடிந்தால் ஜெயம்மா பலகை அடுக்குவாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே குச்சி வைத்து, காற்றுப் போக அடுக்கவேண்டும். அது வேலைதான். தொழில் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

தொழில் கொட்டகையின் நடுவில் நின்றது. பிளேனர்.

இரண்டு இரும்பு மேசைகளை ஒட்டவைத்தது போல இருக்கும். நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள் கத்தி பூட்டிய உருளை ஒன்று கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். இந்தப் பக்க மேசையில் பலகையை வைத்துத் தள்ளினால், அந்தப் பக்கம் போகும்போது அடிப்பக்கம் மழமழவென்று இருக்கும். வாள் பல்லுப்பட்ட சொரசொரப்பு எல்லாம் சுருள் சுருளாகக் கீழே விழும். அந்தச் சுருளைக் கையில் எடுத்துப் பார்த்த நாளிலிருந்து ஜெயம்மாவுக்கு வேறு நினைப்பு இல்லை. ஒரே கனம், தொடக்கம் முதல் கடைசி வரைக்கும். இப்படிச் சீவத்தானே தன் கையும் பழகியிருக்கிறது!

மெஷினைப் பிடித்தவன் லலந்த. ருவன்வெல்லைச் சிங்களப் பையன். இருபத்தைந்து வயதிருக்கும், நன்றாகத் தமிழ் பேசுவான். மரவேலை தெரிந்தவன் என்பதால் அவனை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டாருக்குப் போக விசாவுக்காகக் காத்திருந்தான். அவன் போய்விட்டால் பிளேனருக்கு யார் என்கிற பேச்சு கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் பழகுறேனே, முதலாளி," என்று ஜெயம்மா ஒரு நாள் கேட்டாள்.

வாள் பக்கத்தில் நின்ற கபூர், "அப்ப நாங்க பால் வெட்டப் போறதா?" என்று சத்தமாகக் கேட்டார். ஆட்கள் சிரித்தார்கள். மஷூரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மில் நிற்கும். முதலாளியும் கபூரும் மற்றவர்களும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை லலந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"பாஸ், ஒரே ஒரு பலகை."

"ஐயோ அக்கே, முதலாளி என்னெக் கொன்னுடுவாரு."

"நீங்கதான் கட்டாருக்குப் போறீங்களே. அங்க வந்தா கொல்லப் போறாரு?"

அவன் சிரித்துவிட்டான். "ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சம்மதித்தான். "ஒண்ணு மட்டும்தான். கையெ மேல வைங்க. மெதுவாத் தள்ளுங்க."

மெஷின் உறுமியது. ஜெயம்மா பலகையை வைத்துத் தள்ளினாள். கத்தியின் நடுக்கம் மரத்தின் வழியாக உள்ளங்கைக்கு ஏறியது. அரைப் பலகை அழகாகப் போனது. சுருள் விழுந்துகொண்டே இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மலையில் நிற்கிற மாதிரியே இருந்தது. அப்படித் தோன்றிய அந்த நொடியில் வலது கால் ஓர் எட்டு பின்னால் வைத்தது. காலோடு உடம்பும், உடம்போடு கையும் வந்தன. பலகை ஒரு விரற்கடை அவள் பக்கமாக இழுபட்டது.

அந்தக் கத்தி ஆள் நிற்கிற பக்கமாகச் சுற்றுவது. அதை எதிர்த்துத் தள்ளினால் சீவும். அதோடு சேர்த்து இழுத்தால் பலகையைக் கவ்வி எறியும். எறிந்தது. பலகை அவள் விலாவை உரசிக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த தகரச் சுவரைக் குத்திக்கொண்டு நின்றது. ஜெயம்மா தரையில் உட்கார்ந்து முதலில் விரல்களைப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. லலந்த சோற்றுக் கையோடு ஓடிவந்து மெஷினை நிறுத்தினான்.

பள்ளியிலிருந்து திரும்பிய மஷூர் தொப்பியைக் கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்தார்.

"இதென்ன, ஜன்னலா? நான் ஜன்னல் வைக்கச் சொல்லலியே."

லலந்த நடந்ததைச் சொன்னான். மஷூர் கத்தியிருந்தால் ஜெயம்மாவுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஜெயம்மா, அந்த மெஷின் பக்கம் இனி வர வேணாம். பலகை அடுக்குற வேலை ஈக்குது, அதச் செய்ங்க. லலந்த பெய்த்தா நான் மொரட்டுவைல இருந்து ஒரு பாஸ எடுக்கிறேன்."

அவ்வளவுதான். முடிந்தது.

அன்று பின்னேரம் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றபோது, அடுத்த காம்பிரா விஜயகலா அவள் விலாவைக் கையால் தொட்டுப் பார்த்தாள். விஜயகலாவும் பால் வெட்டுகிறவள்தான். ஜெயம்மாவைவிட இளையவள், வாய் நீளம்.

"என்னாக்கா, மெஷின் ஒதச்சிருச்சாமே? தண்ணி காட்டாமப் பக்கத்துல போனியா?"

"நீ வேற. நல்லாத்தான் போச்சு. பாதியில எப்பிடியோ இழுத்துட்டேன்."

"இழுக்காம? பால் வெட்டுறவ எந்தக் காலத்துல முன்னுக்குப் போனா? நீ ரோட்டுல முன்னுக்கு நடக்குறதே எனக்கு அதிசயம்."

ஜெயம்மா சிரித்தாள். சிரித்தால் விலா வலித்தது. பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் மரம் இருப்பது போல நினைத்துக்கொண்டு கையை உயர்த்தினாள். இடது மேலிருந்து வலது கீழுக்குக் கத்தியைத் தன் பக்கமாக இழுக்கவேண்டும். இழுக்க இழுக்க மரத்தைச் சுற்றிப் பின்னால் எட்டு வைக்கவேண்டும். கால் தானாகப் பின்னால் போனது. பின்னால் நின்ற பெண்ணின் குடத்தில் இடித்தது.

"பைத்தியம் புடிச்சிருச்சுடி அக்காவுக்கு," என்றாள் விஜயகலா.

பலகை ஏன் பாய்ந்தது என்று ஜெயம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்து என்ன செய்ய? இத்தனை வருடம் எது தன்னை நல்ல வெட்டுக்காரி ஆக்கியதோ, அதுவேதான் இன்று பலகையை எறிந்தது. கைக்குச் சொல்லலாம், இழுக்காதே என்று. கை கேட்கும், சந்தோஷம் வராதவரைக்கும். வேலை நன்றாக ஓடி, மனசு வேலையோடு கலந்துவிட்டால் உடம்பு தன் பழைய வழிக்கே போய்விடும். அப்படியென்றால் தான் இந்த மெஷினுக்கு ஆகாதவளா? கபூர் சிரித்தது சரிதானா? மொரட்டுவை பாஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் கை முதலிலிருந்தே தள்ளிப் பழகியது.

ஐயாவு புகைக்கூண்டு வாசத்தோடு வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வேணும்னா திரும்பிப் போய்க் கேளு. வேணாம்னா விட்டுரு. ஆனா விலா ஒடஞ்சு படுத்தின்னா எனக்குச் சோறாக்கத் தெரியாது."

"ஒடையலன்னா மட்டும் ஆக்குறீங்களாக்கும்."

அடுத்த வாரம் அவள் போய்க் கேட்டது பிளேனரை அல்ல. "முதலாளி, தொட்டிக்குப் பலகை தள்ளுற வண்டிய நான் தள்ளுறேன்."

பலகை ஏற்றிய தாழ்ந்த வண்டியொன்று தண்டவாளத்தின் மேல் உப்புத் தொட்டிக்குள் போகும். இரண்டு ஆண்கள் முனகிக்கொண்டே தள்ளுவார்கள். ஒருவருக்கு இடுப்பு வலி. மஷூருக்கு மறுக்கக் காரணம் இல்லை. "அதுல கத்தி இல்ல தானே. தள்ளுங்க," என்றார்.

இடுப்பு வலிக்காரருக்குப் பதிலாக ஜெயம்மா தள்ளினாள். மழைக்காலம் முழுக்கத் தள்ளினாள். காலை ஊன்றி முன்னால், மறுபடி முன்னால். உடம்பு புது வழியைக் கற்கட்டும் என்றுதான் கேட்டு வாங்கினாள். ஆனால் வண்டி அவளுக்கு வேறொன்றைக் காட்டியது. இடையில் எப்போதாவது பழக்கத்தில் கால் பின்னால் போகும். அப்போது உள்ளங்கை வண்டியின் குறுக்குச் சட்டத்தை விட்டு வெறுமனே விலகும். வண்டி இருந்த இடத்திலேயே நிற்கும். சட்டத்தில் அவள் கையைப் பதித்திருந்தாளே தவிர, பிடித்திருக்கவில்லை. பிடிக்காததை எப்படி இழுக்க முடியும்?

வண்டியை நட்டநடுவில் விட்டுவிட்டு லலந்தவிடம் போனாள்.

"பாஸ், பலகையக் கையால தொடாமத் தள்ளினா என்னா?"

"வேற எதால தள்ளுறது, தலையாலயா?"

"ஒரு கட்டையால. கட்டைக்கு அடியில, பின்பக்கம் மட்டும் ஒரு உதடு. அந்த உதடு பலகையோட பின் விளிம்பத் தள்ளும். நான் பின்னுக்கு வந்தா கட்டை மட்டும் என்னோட வந்துரும். பலகை வராது."

லலந்த கீழே கிடந்த துண்டுக் கட்டை ஒன்றைப் பொறுக்கி, பென்சிலால் அதன் பக்கவாட்டில் வரைந்தான். உதட்டுக்கு ஆணி அடிக்கலாம் என்று ஜெயம்மா சொன்னாள். "ஆணி வேணாம் அக்கே, கத்தியில பட்டா எல்லாரும் முடிஞ்சோம்," என்று அவன் மரக்குச்சி அடித்துப் பசை வைத்து ஒட்டினான். மேலே பிடிக்க ஒரு குமிழ். நீளப் பலகைக்குப் பின்பக்கம் இந்தக் கட்டை. முன்பக்கத்தை அமர்த்தி வைக்க, அடியில் மெழுகு தேய்த்து வழவழப்பாக்கிய உதடில்லாத இன்னொரு கட்டை. அதை அழுத்தலாம், இழுத்தால் வழுக்கிக்கொண்டு தனியாக வந்துவிடும். லலந்த தானே இரண்டு பலகை தள்ளிப் பார்த்தான்.

"ஷோக், அக்கே. என் விரலுக்கும் நல்லது."

விசா வந்தது. மொரட்டுவை பாஸ் அடுத்த கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். இனித் தள்ளிப்போட முடியாது. மஷூர் கணக்குப் பார்க்கிற மேசைக்கு எதிரில் போய் ஜெயம்மா நின்றாள். கையில் இரண்டு கட்டைகளும் இருந்தன.

"முதலாளி, நீங்க பக்கத்துல நிக்கணும். ஒரு பலகை."

"நான் அண்டைக்கே சொன்னேனே."

"சொன்னீங்க."

மஷூர் கண்ணாடியைக் கழற்றினார். "புள்ள, எனக்கு ஒங்களோட கோவமா? விறகு ஏத்துற காலத்துல என்ட ஆள் ஒருத்தருக்குக் கை நசுங்கிச்சு. இன்னமும் அவர்ட ஊட்டு ரோட்டால எனக்குப் போக ஏலா, சுத்தித்தான் போறேன். இனி ஒங்களுக்கும் ஒண்டு நடந்தா ஐயாவு முகத்துல எப்பிடி முழிக்கிறது? தப்பே செய்ய மாட்டேன் எண்டு ஒங்களால சொல்ல ஏலுமா?"

"ஏலாது முதலாளி. தப்பு செய்ய மாட்டேன்னு சொல்ல நான் வரல. தப்பு செஞ்சா என்னா ஆகும்னு காட்டத்தான் வந்தேன்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து வந்தார்.

மெஷின் ஓடத் தொடங்கியது. கபூர் வாளை நிறுத்திவிட்டு வந்து நின்றார். லலந்த சுவிட்சில் கை வைத்தபடி நின்றான். தான் வேண்டுமென்றே ஒரு முறை பின்னால் எட்டு வைத்துக் காட்டுவது என்று ஜெயம்மா முடிவு செய்திருந்தாள். முதலில் ஒரு பலகையை ஒழுங்காகத் தள்ளிவிட்டு, இரண்டாவதில். முதல் பலகையை வைத்தாள். சுருள் விழ ஆரம்பித்தது. ஒரே கனத்தில் போகிறது என்று அவள் நினைத்தாள்.

கால் போனது.

அவள் கேட்காமல், அவள் எண்ணியிருந்த நேரத்துக்கு முன்னமே, வலது கால் பின்னால் ஓர் எட்டு வைத்தது. உடம்பு சாய்ந்தது. இரண்டு கட்டைகளும் கையோடு நெஞ்சுக்கு வந்துவிட்டன. லலந்த சுவிட்சை அமுக்கப் போனான். பலகை மேசைமேல் ஒரு நடுக்கம் நடுங்கியது. பிறகு, யாரும் இழுக்காததால், இருந்த இடத்திலேயே கிடந்தது. அடியில் கத்தி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஜெயம்மா கட்டைகளை மறுபடி பலகைமேல் வைத்து, உதட்டைப் பின் விளிம்பில் பதித்து, கடைசிவரை தள்ளி அந்தப் பக்கம் எடுத்தாள். லலந்த மெஷினை நிறுத்தினான்.

"இப்ப கால் பின்னுக்குப் போச்சு தானே?" என்றார் மஷூர்.

"போச்சு."

"காட்டுறதுக்காகச் செஞ்சதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் நினைத்திருந்தாள்.

"இல்ல முதலாளி. அதுவாப் போச்சு."

மஷூர் நின்றுபோன மெஷினுக்குப் பக்கத்தில் வந்து, கட்டையை வாங்கிப் பலகைமேல் வைத்துத் தள்ளினார். பின்னால் இழுத்தார். கட்டை வெறுமனே வந்தது. மறுபடி தள்ளினார், மறுபடி இழுத்தார். சின்னப் பிள்ளை விளையாடுவது போல நாலைந்து தரம் செய்தார்.

"கபூர்," என்றார், "ஒங்கட வாளுக்கும் இப்பிடி ஒண்டு செய்ங்க."

"எனக்கு எதுக்கு? நான் பால் வெட்டினவனா?"

"ஒங்கட கை மட்டும் இரும்பா? செய்ங்க." பிறகு ஜெயம்மாவின் பக்கம் திரும்பினார். "லலந்த போறவரைக்கும் அவர் பக்கத்துல நிக்கோணும். கட்டை இல்லாம ஒரு துண்டுப் பலகை தள்ளினாலும் அண்டையோட சரி. மொரட்டுவைக்கு போன் எடுத்து வர வேணாம் எண்டு சொல்றேன்."

ஜெயம்மா தலையாட்டினாள். கீழே குனிந்து சுருள்களைக் கூட்டி அள்ளினாள்.

அவள் கால் எப்போது பின்னால் போவதை நிறுத்தியது என்று அவளுக்கே தெரியாது. இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் யோசித்துப் பார்த்தபோது, அந்தப் பழக்கம் போய் வெகுகாலமாகியிருந்தது. அதற்காகக் கட்டையை விடவில்லை. தேய்ந்தால் புதிது செய்தாள். பள்ளிக்கூட நாற்காலிகளும், கண்டி ரோட்டுக் கடைகளுக்குப் போன கட்டில்களும், சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் புதிதாகக் கட்டிய வீடுகளுக்குப் போன மேசைகளும் அவள் பிளேனரைத் தாண்டித்தான் போயின. மாதச் சம்பளக்காரி ஆனாள். மெஷின் பழக வந்த இரண்டு பெண்களைக் கபூரே, "மொதல்ல கட்டையப் புடிங்க, பிறகு சிரிங்க," என்று அதட்டினார்.

இரண்டாயிரத்தாறில் மஷூர் ஒரு பெரிய மெஷினை இறக்கினார். நாலு பக்கத்தையும் ஒரே தடவையில் சீவுவது. பலகையை வாயில் வைத்தால் போதும், உருளைகள் தாமே இழுத்துக்கொள்ளும். யாரும் தள்ளத் தேவையில்லை. கொட்டகையில் எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். ஜெயம்மா அதன் வாயையே பார்த்தாள். இதற்கு ஓர் ஆள் எதற்கு? வாயில் பலகை வைக்க யாராலும் முடியுமே. மறுபடியும் யாராவது ஒருத்தி ஆகிவிடுவோமா?

மெஷினைப் பூட்ட வந்த கம்பெனிப் பையன், "இத ஓட்டப் போறது யாரு?" என்று கேட்டான்.

மஷூர் ஜெயம்மாவைப் பார்த்தார். ஜெயம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் தம்பி. கரண்ட் குடுக்காம அந்த மூடியக் கழட்டுங்க. உள்ள எத்தன கத்தி, ஒவ்வொண்ணும் எந்தப் பக்கமாச் சுத்துதுன்னு நான் பாக்கணும்."

பையன் மூடியைக் கழற்றினான். அவள் குனிந்து, முதல் உருளையை விரலால் மெதுவாகச் சுற்றிவிட்டாள்.